பெர்பெதுவாவின் சுண்டுவிரல்

பெர்பெதுவாவுக்கு எந்த வியாதியும் கிடையாது, களைப்பு ஒன்றுதான் என்று ஸாக்தெங் ஊரில் சொல்வார்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து குழாயடிக்குப் போவாள். வந்து அடுப்பு மூட்டுவாள். மூன்று பெரிய பானைகளுக்கும் விறகு தள்ளிக்கொண்டே அடுத்த முறைக்கு வேண்டிய சோளத்தை ஊறப்போடுவாள். செபமாலையைக் கையில் எடுத்துச் சொல்ல நேரம் கிடைக்காது. அதனால் கிண்டுகிற துடுப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொள்வாள். சில நாள் துடுப்பு வேகமாகப் போய்விடும், மந்திரம் பின்தங்கிவிடும். ஆண்டவர் கணக்குப் பார்க்கிறவர் இல்லை என்று சமாதானம் செய்துகொள்வாள்.

அவள் காய்ச்சியது பிட்டோ. சிவப்புச் சோளத்தை முளைகட்டி, வீட்டுக்கூரையில் காயவைத்து, அரைத்து, தண்ணீரில் கரைத்து, வெண்டைத்தண்டுப் பசையைப் போட்டுக் கசடு பிரித்து, இரண்டு நாள் காய்ச்சி, ஆறவைத்து, முந்தைய பிட்டோவின் அடியில் தங்கும் மண்டியைப் போட்டால், மறுநாள் காலையில் நுரை தள்ளிக்கொண்டு நிற்குமே, அந்தக் கள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தாலும் பிட்டோ, ஆள் போனாலும் பிட்டோ, களையெடுக்க நாலு பேரைக் கூப்பிட்டாலும் பிட்டோ. சந்தை நாளில் அவள் வீட்டு வேப்பமரத்தடியில் பெஞ்சுகள் நிறைந்துவிடும். முதல் வாய் அவள் குடித்துக் காட்டிவிட்டுத்தான் சுரைக்குடுக்கையை நீட்டுவாள். அப்படித்தான் எல்லோரும் கொடுப்பார்கள். ஆனாலும் அவள் குடித்துக் காட்டும்போது முகத்தில் ஒரு திருப்தி தெரியும், அதைப் பார்க்கவே சிலர் வருவார்கள்.

அவள் வீட்டுக்காரர் இன்னோசென்ட் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. முற்றத்தின் ஓரத்தில்தான் அவர் கல்லறை. ஆண்பிள்ளைகள் தெற்கே கோகோ தோட்டங்களுக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். கடைசி மகள் ரெஜினா கூடவே இருந்து கைக்கு உதவியாக இருந்தாள். போன அறுவடை முடிந்ததும் அவளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு மூன்று பானைக்கும் பெர்பெதுவா ஒருத்திதான்.

அதே அறுவடையின்போதுதான் இன்னோசென்ட்டின் தம்பி கிளேத்துஸ் காய்ச்சலில் போனான். அதே முற்றத்தில் குடியிருந்த அவன் மனைவி எவுலாலியாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. எங்கள் வழக்கப்படி, செத்தவனுக்குக் கடைசிப் பிட்டோ காய்ச்சி, அதை ஊர் குடித்து, அவன் மனைவியும் ஒரு குடுக்கை குடித்தால்தான் அவள் விடுபட்டவள். அதுவரைக்கும் கழுத்தில் நார்க்கயிறு கட்டியிருக்க வேண்டும். அடுப்பைத் தொடக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, வீட்டுச் சுவரின் நிழலைத் தாண்டிப் போகக்கூடாது. உபதேசியார் முதலில் செபம் சொல்வார், பிறகு பெரியவர்கள் செத்தவனுக்கென்று பிட்டோவைத் தரையில் ஊற்றுவார்கள். இரண்டுக்கும் சண்டை வந்து நாங்கள் பார்த்ததில்லை.

எவுலாலியாவின் ஒரே மகள் வாலந்தீனா, ஆற்றுக்கு அக்கரையில் பாட்டி வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள். பெந்தெகோஸ்தே ஞாயிறன்று அவளுக்குப் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். அம்மா வந்தால்தான் வெள்ளை உடுப்புப் போடுவேன் என்று அந்தக் குழந்தை அடம்பிடிப்பதாக ஆள் மேல் ஆள் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாஸ்கா முடிந்து வெயில் உச்சத்தில் இருந்தது. மழை தொடங்கிவிட்டால் யாரும் கடைசிப் பிட்டோ வைக்கமாட்டார்கள். அப்புறம் அடுத்த கோடைக்குத்தான். எவுலாலியா இன்னும் ஒரு வருடம் அந்தச் சுவர் நிழலிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அதனால் குடும்பத்துப் பெரியவர் ஸீம் நாள் குறித்துவிட்டு, காய்ச்சுவது பெர்பெதுவாதான் என்று சொன்னபோது அவளால் மறுக்க முடியவில்லை. ஸீம் அவள் மாமனாரின் தம்பி. முழங்கால் வலியைச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. எவுலாலியா சுவரோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்பெதுவா சோளம் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

அந்த வருடம் பக்கத்துக் குழாய் கெட்டுப்போயிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அந்தப்புறம் இருக்கிற குழாயிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டியிருந்தது. வெயில் தலையில் இறங்கி, காலில் தரை சுட்டு, அதற்கு மேல் அடுப்பு மூன்று. எவுலாலியா சுவர் நிழல் நகர நகரத் தானும் நகர்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சுகிற கடைசி நாளன்று அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, நான் ரெண்டே ரெண்டு கொடம் தூக்கியாந்துடறேன். யாரும் பாக்கல."

"சாமி பாக்குறாரு. அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. சின்ன மாமா பாத்தா ஊரக் கூட்டிருவாரு. உக்காரு அங்க."

"எனக்கு உக்காந்து உக்காந்தே இடுப்பு செத்துப்போச்சு."

"எனக்கு நின்னு நின்னு. நாம ரெண்டு பேரும் மாத்திக்கிட்டா நல்லாத்தான் இருக்கும்" என்றாள் பெர்பெதுவா. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பதற்கும் பெர்பெதுவா அடுப்புக்கல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பொழுது சாயும்போது காய்ச்சிய சாறு நல்ல செம்மண் நிறத்துக்கு வந்தது. வாயில் வைத்தால் தேன்போல இனித்தது. அதை அகலமான பானைகளில் ஊற்றி ஆறவைத்தாள். இந்த ஆறவைக்கிற வேலைதான் கோடையில் பெரிய பாடு. குளிர்காலத்துக் காற்றில் ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் ஆறிவிடும். இந்த வெயிலில் காற்றே அடுப்பிலிருந்து வருவதுபோல வரும், பானை ஆறவே ஆறாது. மண்டியைச் சூட்டில் போட்டால் செத்துப்போகும். அப்புறம் அது எதையும் நுரைக்க வைக்காது. ரொம்ப நேரம் ஆறவிட்டாலும் வேறு ஏதாவது விழுந்து காடியாகிவிடும். சரியான நேரம் தெரிந்துகொள்ள எங்கள் பெண்கள் சுண்டுவிரலைப் பானையில் விடுவார்கள். சூடோ குளிர்ச்சியோ இல்லாமல், விட்ட விரல் விட்ட மாதிரியே தெரியக்கூடாது. அப்போது போட வேண்டும்.

ரெஜினா இருந்தவரை அவள் விரல்தான் போகும். அந்தப் பெண்ணுக்கு அது விளையாட்டு. அவள் போன பிறகு குளிர்காற்றில் விரலுக்கு வேலை வரவில்லை, வெயில் ஏறியதும் குழாய் கெட்டுச் சந்தைக்குக் காய்ச்சுவதும் நின்றிருந்தது. இப்போது பெர்பெதுவா தன் விரலை விட்டாள். விரல் ஒன்றுமே சொல்லவில்லை. இவ்வளவு சீக்கிரமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. இரண்டாவது பானையிலும் விட்டாள், மூன்றாவதிலும் விட்டாள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. ஆண்டவர் என் மேல் இரக்கம் வைத்துச் சீக்கிரம் ஆறவைத்துவிட்டார் என்று நினைத்தாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள், நன்றியும் சொன்னாள். காய்ந்த மண்டியைக் கரைத்து மூன்றிலும் பிரித்து ஊற்றினாள். கூடையைக் கவிழ்த்து மூடினாள். பாய் விரித்துப் படுத்தவள், கர்த்தர் கற்பித்த செபத்தின் பாதியில் தூங்கிப்போனாள்.

காலையில் முதலில் வந்தது பக்கத்து வீட்டுத் தொமித்தில்லா. அவளும் காய்ச்சுகிறவள், பெர்பெதுவாவைவிட மூத்தவள். ஊற்றிக் கொடுக்கக் கூடமாட இருப்பதாகச் சொல்லியிருந்தாள். நல்ல பிட்டோவுக்குக் கிட்டே போகும்போதே ஒரு இரைச்சல் கேட்கும், மழை தூரத்தில் பெய்வதுபோல. தொமித்தில்லா கூடையைத் தூக்குவதற்கு முன்பே நின்றுவிட்டாள். பிறகு தூக்கினாள். பானையில் சிவப்புத் தண்ணீர் அசையாமல் இருந்தது. அவள் முகமும் தெரிந்தது அதில்.

அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஆற்றுப்பக்கத்து உறவுகள், சந்தைப்பக்கத்து உறவுகள், எவுலாலியாவின் அண்ணன், எல்லோரும் மரத்தடியில் கூடிவிட்டார்கள். பாயோரும் வந்திருந்தான். பாயோரின் வம்சத்துக்கும் இந்த வீட்டு வம்சத்துக்கும் கேலிமுறை. சாவு வீட்டில் அவன் எதுவும் சொல்லலாம், யாரும் கோபிக்கக்கூடாது. சச்சரவு முற்றினால் அவன் ஒரு பிடி சாம்பலை அள்ளித் தூவுவான், அத்தோடு அது ஆறிவிட வேண்டும். அன்று காலையிலேயே அவன் செத்தவனின் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, கிளேத்துஸ் எனக்கு ஒரு ஆட்டுக்கடா தரவேண்டும், தராமல் தப்பிக்கத்தான் செத்துப்போனான் என்று பெண்களிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஸீம் குடுக்கையில் மொண்டு வாயில் வைத்தார். விழுங்காமல் நின்றார்.

"இனிக்குது" என்றார்.

கடைசிப் பிட்டோ இனிக்கக்கூடாது. நுரைக்காமல் கிடந்தால் செத்தவன் வாங்க மறுக்கிறான் என்று அர்த்தம். அவன் வயிற்றில் ஏதோ கோபம் இருக்கிறது. யார் மேல் கோபம் என்பதை யாரும் கேட்கவில்லை, எல்லோருடைய கண்ணும் சுவரோரம் போயிற்று. ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள், மாவுமில்காரன் இரண்டு தடவை இந்தப் பக்கம் வந்தானாம், சுவருக்கு அந்தப்புறம் நின்று பேசினானாம். மாவுமில்காரன் அரைத்த மாவைக் கொடுக்கத்தான் வந்தான் என்று எவுலாலியாவின் அண்ணன் சொன்னான். அவன் குரல் உயர்ந்தது, இன்னொருவன் குரல் அதற்கு மேல் உயர்ந்தது. ஸீம் கையைத் தூக்கினார். கெட்ட மனிதர் இல்லை அவர். வருத்தத்தோடுதான் சொன்னார். பானையைப் பன்றிக்கு ஊற்றுங்கள், அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் அந்தப் பெண் தன் மனதை யோசித்துப் பார்க்கட்டும் என்றார்.

எவுலாலியா அழவில்லை. உட்கார்ந்திருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, மண்ணில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

பெர்பெதுவா அதைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குத் தன் வருடம் கண் முன்னால் வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இன்னோசென்ட்டுக்கு வைத்த கடைசிப் பிட்டோவும் இப்படித்தான் இனித்தது. அப்போது அவள் அந்தச் சுவரோரம் இருந்தாள். காய்ச்சியது தொமித்தில்லா. இன்னோசென்ட் வாங்க மறுத்துவிட்டார் என்று சொன்னார்கள். பெர்பெதுவா ஒரு வருடம் முழுக்க அந்த நிழலில் கிடந்து யோசித்தாள். எப்போதோ சாப்பாட்டைப் படக்கென்று வைத்தது, கடைசி நோயில் அவர் தண்ணீர் கேட்டபோது தாமதமாக எழுந்தது, எல்லாவற்றையும் தோண்டித் தோண்டி எடுத்தாள். விடுபட்ட பிறகு பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். ஆனாலும் இன்னோசென்ட்டுக்குத் தன் மேல் என்ன கோபம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவே இல்லை.

இரண்டு பேர் பன்றிக்கு ஊற்ற முதல் பானையைச் சாய்க்க வந்தார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி, பெர்பெதுவா அடிவரைக்கும் கையை விட்டு மண்டியை அள்ளினாள். நல்ல மண்டி வழவழவென்று இருக்கும், விரலில் ஒட்டும். இது வெந்த மாவுபோலப் பொருபொருவென்று உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தாள். கஞ்சி வாடை அடித்தது. வெந்துபோயிருந்தது. அப்படியானால் நேற்று பானை ஆறவில்லை. அவள் தன் சுண்டுவிரலைப் பார்த்தாள். முப்பது வருட அடுப்பில் தோல் தடித்து, மரப்பட்டைபோலக் கறுத்திருந்தது. அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஸீமுக்கு எதிரே போய் முழங்காலில் நிற்கப் பார்த்தாள், முழங்கால் மடங்கவில்லை, நின்றபடியே சொன்னாள்.

"சின்ன மாமா, தப்பு என் கையில. விரலுக்குச் சூடு தெரியல, சூட்டுல மண்டி போட்டுட்டேன். தம்பி ஒண்ணும் மறுக்கல. அந்தப் புள்ள மேலயும் ஒண்ணும் இல்ல."

ஸீம் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "ஒன் பானை இந்த ஊர்ல ஒரு நாள் தூங்கினதா யாரும் பாத்ததில்ல. அவளக் காப்பாத்தப் பழியத் தூக்கி ஒன் தலையில வச்சுக்குற. நல்ல மனசும்மா ஒனக்கு. ஆனா செத்தவனுக்குப் பொய் சொல்ல முடியாது."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். பெர்பெதுவா கை தவறுமா என்றார்கள். இத்தனை காலம் அவளுக்கு இனித்த பாராட்டு அது. இன்று அவளுக்கு எதிராகவே நின்றது. அவள் மறுபடியும் சொன்னாள், மண்டியைக் காட்டினாள். தலையை ஆட்டினார்களே தவிர யாரும் நம்பவில்லை. அவளுக்கு அங்கேயே படுத்துவிடலாம்போல இருந்தது. தொமித்தில்லா மட்டும் அந்த மண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விருந்தாளிகளுக்குச் சோளக்களி கிண்ட அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தார்கள். பாயோர் எழுந்து போய், ஒரு குடுக்கையில் அந்தத் தண்ணீரை மொண்டு வந்தான். ஆவி மேலே தெரியாதபடி கொஞ்சம் விசிறினான். செத்தவனின் தொப்பி இன்னும் அவன் தலையில்தான் இருந்தது.

"ஏ பிட்டோக்காரி, இங்க வா. ஒன் பேரப் பெரிசாக் கேட்டிருக்கேன், வேலையப் பாக்கணும். இதுல விரல விடு. மண்டி போடலாமா சொல்லு."

பெர்பெதுவா சுண்டுவிரலை விட்டாள். அப்படியே வைத்திருந்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

"போடலாம்" என்றாள்.

"கெழவா, இப்ப நீ. நீதான் இந்த வீட்டுக்குப் பெரிய விரல்."

ஸீம் சந்தேகத்தோடு விரலை விட்டார். விட்ட வேகத்தில் இழுத்தார். குடுக்கை பறந்து விழுந்தது. அவர் சொன்ன வார்த்தையை உபதேசியார் காதில் வாங்காததுபோல மரத்தின் கிளையை அண்ணாந்து பார்த்தார். மரத்தடியே சிரித்தது. சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் போய், பெண்கள் பக்கம் சுற்றி வந்து, பிறகு தானாக நின்றது. ஏனென்றால் பெர்பெதுவா இன்னும் கையை நீட்டியபடியே நின்றிருந்தாள். விரல் வெந்து வீங்கியிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. ஒரு பெண் ஈரத்துணி கொண்டுவந்து சுற்றியபோதுதான் குனிந்து பார்த்தாள்.

பாயோரும் சிரிப்பை விட்டுவிட்டான். அடுப்பிலிருந்து ஆறிய சாம்பலை ஒரு பிடி அள்ளி, ஸீமுக்கும் எவுலாலியாவின் அண்ணனுக்கும் நடுவில் தரையில் தூவினான்.

"இந்தப் பொம்பள கை வெந்துபோச்சு. எவ்ளோ நாளா வெந்துச்சோ, நாம யாரும் கேக்கல, வாங்கிக் குடிச்சோம். கிளேத்துஸ் ஒண்ணும் சொல்லல. எனக்குக் கடா தரலன்னு ஒண்ணுதான் அவன் மேல பாக்கி. ஆறட்டும்."

ஆறட்டும் என்று மற்றவர்களும் சொன்னார்கள். சாம்பல் விழுந்த பிறகு மேலே பேசக்கூடாது. ஸீம் விரலை வாயில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். வந்தவர்களுக்கு இன்னும் ஒரு நாள் சாப்பாடு போட வேண்டும், மேற்கே மேகம் வேறு தெரிகிறது என்று முணுமுணுத்தார். பிறகு, சாறு காடியாவதற்குள் மறுபடியும் கொதிக்கவையுங்கள், நாளைக்குக் குடிக்கலாம் என்றார்.

பெர்பெதுவா அடுப்பைப் பார்த்து நடந்தாள். மூன்று பானை, மறுபடியும். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆனால் அழுவதற்கும் தெம்பு வேண்டும். இந்தத் தடவை பெண்கள் அவளை விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள், விறகு தள்ளினார்கள், அவளை ஒரு கவிழ்த்த உரலின் மேல் உட்காரவைத்தார்கள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே இந்தக் கட்டையை வெளியே இழு, அந்தப் பக்கம் கிண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோயிற்று.

தொமித்தில்லா தன் வீட்டிலிருந்து நல்ல மண்டி எடுத்து வந்தாள். சாயங்காலம் பானைகளை ஆறவைத்துவிட்டு இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தொமித்தில்லா விரலை விட்டுப் பார்த்து, இன்னும் இல்லை என்றாள். இன்னொரு முறையும் பார்த்து, இன்னும் இல்லை என்றாள். பெர்பெதுவாவுக்கு ஆறிவிட்டதாகத்தான் தோன்றிக்கொண்டே இருந்தது. தொமித்தில்லாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காத்திருப்பது இவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

வெளிச்சம் குறைந்து வந்தது. தொமித்தில்லா பானையைப் பார்த்தபடியே பேசத் தொடங்கினாள்.

"பெர்பெதுவா, அன்னைக்கு இன்னோசென்ட்டுக்கு நான் காய்ச்சினேனே... அன்னைக்கு என் சின்னவனுக்கு வலிப்பு வந்துச்சு. நான் அவசரத்துல..."

பெர்பெதுவாவுக்குச் சொல்லாததும் விளங்கியது. ஒரு வருட நிழல், ஒன்பது வருட யோசனை, எல்லாம் ஒரு பானைச் சூடுதான். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. கோபத்தைத் தேடினாள். உடம்பில் எங்கேயும் அதற்கு இடம் இல்லை. அந்தச் சின்னவன் இப்போது வளர்ந்து சைக்கிள் ஓட்டுகிறான், போன வாரம்கூட அவளுக்கு ஒரு கட்டு விறகு போட்டுவிட்டுப் போனான்.

"பானையப் பாருக்கா" என்றாள். "ஆறிருக்கும்."

தொமித்தில்லா விரலை விட்டாள். தலையாட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து மண்டி ஊற்றினார்கள்.

காலையில் பெர்பெதுவா கூடையைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. பாயிலிருந்தே இரைச்சல் கேட்டது. நுரை விளிம்பைத் தாண்டி வழிந்து மண்ணை நனைத்திருந்தது. உபதேசியார் செபம் சொன்னார். ஸீம் தரையில் ஊற்றி, கிளேத்துஸின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எடுத்துக்கொள், போய் இரு என்றார். எவுலாலியா குடுக்கையை இரண்டு கையாலும் பிடித்து, நிறுத்தாமல் குடித்து முடித்தாள். நார்க்கயிற்றை அறுத்துப் போட்டார்கள். பாயோர், இவளுக்கு இன்னொன்று ஊற்றுங்கள், அறுவடையிலிருந்து காத்த தாகம் என்றான். எவுலாலியா அவனைப் பார்த்து, ஒன் ஆட்டுக்கடாவ வறுத்து வைய்யி, அதோட குடிக்கிறேன் என்றாள். அவள் பேசியதைக் கேட்டு எல்லோருக்கும் சந்தோஷம்.

மறுநாள் காலை எவுலாலியா அண்ணனோடு புறப்பட்டாள். பெர்பெதுவாவின் காலில் விழ வந்தவளைப் பெர்பெதுவா தடுத்துவிட்டாள். குழந்தை வெள்ளை உடுப்புப் போடாமல் காத்திருக்கிறது, ஆறு தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிடும், கிளம்பு என்றாள். எவுலாலியா சுவர் நிழலின் ஓரத்தில் ஒரு கணம் தயங்கினாள். பிறகு வெயிலில் காலை வைத்தாள். கொஞ்ச தூரம் மெதுவாகப் போனவள், அப்புறம் அண்ணனுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வயதில் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பெர்பெதுவா நினைத்துக்கொண்டாள்.

முற்றத்தில் பானைகள் கழுவாமல் கிடந்தன. குடுக்கைகள் உருண்டு கிடந்தன. அடுத்த சந்தைக்குக் காய்ச்சுவது பெர்பெதுவாவின் முறைதான், ஆனால் சூடு பார்க்கத் தொமித்தில்லாவின் விரல் வரவேண்டும், அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனி அவள் பானைக்கு இன்னொருத்தி ஆமென் சொல்ல வேண்டும். அது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அதைப் பற்றி நினைக்க அவளுக்கு அப்போது தெம்பு இல்லை. முற்றத்தோரம் இன்னோசென்ட்டின் கல்லறைப் பக்கம் போனாள். ஒன்பது வருடமாகச் சாணி மெழுகும்போது மட்டும் அங்கே போவாள், மெழுகியதும் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவாள். அன்று அந்த மேட்டின் மேலேயே உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள்.

"ஏங்க" என்றாள். "நீங்க ஒண்ணும் சொல்லவே இல்லியாமே."

கல்லறை மண் அதிகாலைக் குளிர்ச்சியோடு இருந்தது. அது அவள் விரலுக்குத் தெரியவில்லை, உள்ளங்காலுக்குத் தெரிந்தது. வெயில் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.